அறுநூறு என்று சொன்னது யார்?

"நான் சொன்னா இது கேக்கவே மாட்டீங்குதுங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து.

"எதுங்ணா?" என்றார் ஷமீமா.

"இந்த பில்டுங்க. இருபதுன்னு எழுதிப்போட்டு ஓட்டறேன். வெளிய வர்றப்ப அறுநூறுன்னு வருது."

ஷமீமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பாருங்க."

நாச்சிமுத்து அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனார்.

கோயம்புத்தூரில், பீளமேட்டுப் பக்கம், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இது நடந்தது. அங்கே கோழிக் கொட்டகைகளுக்குப் பெட்டி செய்கிறார்கள். சுவரில் மாட்டுகிற பெட்டி. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து அதுவே விசிறிகளை ஓட்டும், நிறுத்தும்.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி. அதற்கு ஓர் இயங்குதளம். அந்த இயங்குதளத்தை அடியிலிருந்து கட்டித் தருகிற கருவி ஒன்று உண்டு. அந்தக் கருவியை ஓட்டுவதைத்தான் அந்த மாடியில் பில்ட் என்பார்கள்.

ஷமீமாவுக்கு வயது முப்பத்தொன்று. நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தாறு. இதில் சீடர் நாச்சிமுத்து.

அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. சிரித்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

அதற்கு முன்பு அவர் சர்வீஸ் பிரிவில் இருந்தார். பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை என்று பைக்கிலேயே சுற்றிப் பெட்டிகளை மாட்டிக் கொடுத்துவந்தார். போன சித்திரையில், பொங்கலூர் தாண்டி பழனாத்தாள் என்பவரின் கொட்டகையில் பெட்டி உறைந்து நின்றுவிட்டது.

பெட்டி உறைவது அதிசயம் இல்லை. எந்தக் கணினியும் எப்போதாவது உறையும். அதற்காகவே உள்ளே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். பெட்டி பேச்சுமூச்சில்லாமல் நின்றால், காவல் சில விநாடி பொறுத்துப் பார்க்கும். பிறகு பெட்டியை அணைத்து மறுபடி எழுப்பும்.

அன்று அந்தக் காவல் அறுநூறு விநாடி பொறுத்துப் பார்த்தது. பத்து நிமிடம். நடுப்பகல். லோடு ஏற்றத் தயாராக இருந்த கோழிகள். மூடிய கொட்டகையில் ஒரு விசிறியும் ஓடவில்லை.

மறுநாள் நாச்சிமுத்துவும் சேர்ந்துதான் குழி வெட்டினார். பழனாத்தாள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கம்பெனி என்ன செய்தது? பெட்டி சூட்டில் உறைந்தது என்று எழுதி, உள்ளே பெரிய அலுமினியத் தகடு ஒன்றை வைத்து, விஷயத்தை முடித்துவிட்டது.

"உறைஞ்சது சரி. பத்து நிமிசம் ஏன் எந்திரிக்கல?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

பதில் தெரியாதவர்கள் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்.

அன்றே முடிவு செய்துவிட்டார். ஷமீமாவின் குழுவுக்கு மாற்றல் கேட்டார். இந்த வயதில் எதற்கு என்றார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அலுத்துப்போய்க் கொடுத்தார்கள்.

இரண்டு காரியத்துக்காக வந்தார். அந்த அறுநூறை இருபது ஆக்குவது ஒன்று. அறுநூறு என்று எழுதியது யார் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மாலை ஆறு மணிக்குப் புதிய பதிப்பைக் கட்டி எல்லாக் கொட்டகைக்கும் அனுப்புகிறார்கள். இதை விட்டால் அடுத்தது ஆடியில். கத்திரி வெயில் ஆடிவரைக்கும் காத்திருக்காது.

*

இந்தக் கருவியின் குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

காவல் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பது ஒரு வேரியபிள். அதன் மதிப்பை எந்தக் கோப்பில் வேண்டுமானாலும் எழுதலாம். கோப்புகளோ நூற்றுக்கணக்கில்.

சிலர் பணிவாக எழுதுவார்கள். வேறு யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் இது இருக்கட்டும் என்று. சிலர் கறாராக எழுதுவார்கள். சிலர் இந்த மாடல் பெட்டிக்கு மட்டும் இது என்பார்கள். கருவி எல்லோரையும் கேட்டுக்கொள்ளும். கடைசியில் ஒருவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நாச்சிமுத்து இருபது என்று இன்னொரு கோப்பில் எழுதினார். அறுநூறு வந்தது.

மூன்றாவது கோப்பில் எழுதினார். அறுநூறு.

கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் எழுதினார். கருவி அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தார். யார் என்ன சொல்லியிருந்தாலும் சரி, எல்லோருக்கும் மேலே இதுதான் என்று அடித்துச் சொல்கிற ஒரு முறை அந்தக் கருவியில் இருக்கிறது. அதைத் தன் கணினியில் இருந்த சொந்தக் கோப்பில் எழுதி ஓட்டினார்.

இருபது.

"வந்துருச்சுங்க மேடம்!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துச் சுமை இறங்கினால் மனுஷன் கத்தத்தான் செய்வான்.

ஷமீமா எழுந்து வந்தார். நாச்சிமுத்துவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கோப்பைத் தேடி எடுத்தார். அழித்தார்.

மறுபடி ஓட்டினார்.

அறுநூறு.

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னங்க மேடம் இது? அது என்ர ஃபைலுங்க!"

"ஆமாங்ணா. உங்களோடது மட்டும்தான்."

"அதுக்கு?"

"ஆறு மணிக்கு பில்ட் ஓடறது எந்த மெஷின்லங்ணா?"

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மணி பில்ட் கீழ்த்தளத்து சர்வரில் ஓடும். இவர் மேசையில் இருக்கிற சொந்தக் கோப்பு அந்த சர்வருக்குத் தெரியாது. இங்கே இருபது என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கொட்டகைகளுக்கு அறுநூறே போயிருக்கும்.



"சொல்லிக் குடுத்திருக்கலாமுங்களே," என்றார்.

"நேத்து சொன்னனுங்ணா," என்றார் ஷமீமா.

சொல்லியிருந்தார். அதுதான் கொடுமை.

*

அவர் விடவில்லை. எல்லோரும் பொதுவாக வைத்திருக்கும் கோப்பில், சர்வரும் படிக்கிற இடத்தில், அந்த அடித்துச் சொல்லும் வரியை எழுதினார். சர்வரிலேயே சோதனைக்குக் கட்டினார். ஷமீமா பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

இருபது என்று வந்தது. இந்த முறை நாச்சிமுத்து கத்தவில்லை.

கட்டியதைச் சோதனைப் பெட்டி ஒன்றில் ஏற்றி, மின்சாரம் கொடுத்தார்.

பெட்டி எழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது.

மறுபடி எழுந்தது. மறுபடி அணைந்தது.

எழுவதும் விழுவதுமாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தார். வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். பெட்டி செத்துவிட்டது.

இது எல்லாக் கொட்டகைக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.



"எனக்கு இது வராதுங்க மேடம். நான் சர்வீசுக்கே போயிர்றேன்."

"போலாங்ணா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"இந்த வேரியபிளைப் பத்தி எத்தனை பேர் பேசியிருக்காங்க?"

"நான் பேசியிருக்கறனுங்க."

"உங்களைத் தவிர?"

நாச்சிமுத்துவுக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் கருவி இல்லை. அந்தக் கருவியிடம் ஒரு வேரியபிளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது எல்லாவற்றையும் சொல்லும். எந்தக் கோப்பு, எந்த வரி, முதலில் என்ன சொன்னார்கள், பிறகு யார் மாற்றினார்கள் என்று வரிசையாகச் சொல்லி, அதற்குக் கீழே முடிவு என்ன என்று காட்டும். நாச்சிமுத்து காலையிலிருந்து அதை ஓட்டிக்கொண்டேதான் இருந்தார். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தார்.

தன் பேச்சு எடுபட்டதா என்று மட்டும் பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

இப்போது மேலிருந்து படித்தார்.

உள்ளே இருக்கும் கணினியைச் செய்தவர்கள் அறுபது என்று பணிவாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே, இந்த மாடல் பெட்டிக்கு மட்டும் அறுநூறு என்று ஒரு வரி. இந்த மாடியில் எழுதப்பட்ட வரி. அதற்கும் கீழே இவருடைய இருபது, உச்சக் குரலில்.

நாச்சிமுத்து அந்த நடுவரியையே பார்த்தார். ஒரு வருஷமாகத் தேடியது அது.

"இது யாருங்க மேடம் எழுதுனது?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"கேக்கற விதத்துல கேப்பனுங்க."

அவர் குரலில் இருந்தது கோபம்தான். அதை மறைக்க அவர் முயலவில்லை.

ஷமீமா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்காரர். நாச்சிமுத்து இந்த மாடிக்கு வந்ததிலிருந்து தினமும் மதியம் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்.

*

"ஜெபராஜு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"காவலுக்கு அறுநூறுன்னு எழுதுனது நீங்களா?"

"ஆமா அண்ணாச்சி. நாந்தான்."

சட்டென்று ஒத்துக்கொண்டது நாச்சிமுத்துவை இன்னும் கிளப்பிவிட்டது. பொங்கலூரில் வெட்டிய குழி கண்ணில் வந்தது.

கேட்கிற விதத்தில் கேட்கத்தான் வந்தார். ஆனால் அந்தச் செத்த பெட்டி இன்னும் அவர் கையில் இருந்தது. அதை ஜெபராஜின் மேசையில் வைத்தார்.

"ஏனுங்க?" என்றார். அவ்வளவுதான் வந்தது.

ஜெபராஜ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"கொறச்சிட்டியளா? அதான் செத்துட்டு. புதுசு ஏத்துனதும் மொதத்தடவ எந்திக்கும்போது, உள்ள இருக்க இடத்தையெல்லாம் ஒதுக்கி அடுக்கும் அண்ணாச்சி. நாலஞ்சு நிமிசம் ஆவும். அதுக்குள்ள காவல் தட்டி எழுப்புனா, பாதியில நிக்கும். திருப்பியும் மொதல்லேருந்து. அப்படியே போயி, செத்துரும்."

"அது மொதத்தடவைக்குத்தானுங்களே?"

"ஆமா. அப்புறம் இருபது போதும். பத்து கூடப் போதும்."

"அப்பறம் ஏன் கொறைக்கல?"

ஜெபராஜ் கொஞ்சம் திகைத்துப் பார்த்தார்.

"யாரும் கொறைக்கச் சொல்லலியே. கூட்டத்தான சொன்னாவ."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நானுங்களா?"

"ரெண்டு வருசம் முன்னாடி, ஒரு பதிப்பு அனுப்புனோம்லா? பெட்டியெல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு எல்லாக் கொட்டகையிலேருந்தும் உங்களுக்குத்தான் போன் வந்துது. நீங்க எனக்குப் போன் போட்டிய. எவ்வளவு நேரம் வேணும்னாலும் குடுங்க, அது பாட்டுக்கு எந்திரிக்கட்டும், தட்டி எழுப்பாம இருந்தாச் சரின்னு சொன்னிய. நான் கூட, நெறைய ஆயிருமேன்னு கேட்டேன். எவ்வளவு ஆனாலும் பரவால்லன்னிய."

ஜெபராஜ் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. சுல்தான்பேட்டை டீக்கடை வாசல். பைக்கில் உட்கார்ந்தபடி பேசியது. பிரச்சினை தீர்ந்தது என்று அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தது.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஷமீமா பார்த்தார். மணி ஒன்றரை. அவர் கூப்பிடவில்லை.

*

பைக் பொங்கலூர் ரோட்டில் போனது. முகத்தில் அனல் அடித்தது. அவர் நிற்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பழனாத்தாள் கொட்டகைக்கு வெளியே தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு. உள்ளே புதுசாக வளர்ந்துவரும் கோழிகள். விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"வாங்க தம்பி. ஏனுங், இந்த வெயில்ல? மோர் குடிக்கறீங்களா?"

"வேண்டாங்க்கா."

"முகமெல்லாம் ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது? உக்காருங்க."

நாச்சிமுத்து உட்காரவில்லை. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"போன வருசம் பெட்டி பத்து நிமிசம் எந்திரிக்காமப் போச்சுங்கல்ல. அதுக்கு யாரு காரணம்னு தெரிஞ்சு போச்சுங்க்கா."

பழனாத்தாள் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

"நாந்தானுங்க்கா. அந்தப் பத்து நிமிசத்தைக் கேட்டு வாங்குனதே நாந்தானுங்க. பெட்டி அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு சொன்னீங்களே, அதுக்காகக் கேட்டேன். அது இப்பிடி வந்து முடியும்னு எனக்குத் தெரீலீங்க. வேற யாரோன்னு ஒரு வருசமாத் தேடிட்டு இருந்தனுங்க."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தார்.

பழனாத்தாள் விசிறிகள் பக்கம் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

"அந்தப் பத்து நிமிசம் இப்பவும் அப்பிடியேதான் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா."

"இந்தப் பெட்டியில?"

"எல்லாப் பெட்டியிலயுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மாத்தினா, நாளைக்கு எல்லாத்துக்கும் வந்துரும்."

"மாத்தறது எப்பிடின்னு தெரியுமுங்களா?"

"இப்பத் தெரியுமுங்க. மொதத்தடவைக்குத் தனியா, அப்பறத்துக்குத் தனியா எழுதோணும்."

"வேற ஆராச்சும் எழுதீட்டு இருக்கறாங்களா?"

"இல்லீங்க்கா. நாந்தான் எழுதோணும்."

பழனாத்தாள் குனிந்து மூட்டையை மறுபடி தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அப்பறம் இங்க நின்னுட்டு என்னங்க பண்றீங்க?"